விலக்கில் நின்ற பாட்டு

எங்கள் ஊர் விலக்கில் ஒரு பாட்டு நின்றது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என்ன பாட்டு என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பல்லவியில் நின்றாயா சரணத்தில் நின்றாயா, பிள்ளை சாப்பிட்டதா, மதினி கடையில் டீ குடித்தாயா என்றுதான் கேட்பார்கள்.

விலக்கு என்றால் சங்கரன்கோவில் மெயின் ரோட்டிலிருந்து கருங்காலிப்பட்டிக்கு ரோடு பிரிகிற இடம். ஒரு பஸ் நிழற்குடை, அதை ஒட்டி வேலுத்தாயி மதினியின் டீக்கடை, எதிரே மாடக்கண்ணு அண்ணாச்சியின் பஞ்சர் கடை, நாலு எட்டு தள்ளி முள் நிறைந்த ஓர் உடைமரம், அதையும் தாண்டினால் ஓடைக்கு மேலே ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான் விலக்கு, அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டர் வெயில்.

அந்தப் பாட்டை அங்கே விட்டுவிட்டுப் போனவள் சீனியம்மாள். எட்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். வாய்ப்பாட்டையே மெட்டுக் கட்டிப் பாடி, பதினாறாம் வாய்ப்பாட்டில் மெட்டு இடிக்கிறது என்று அதை மட்டும் மனப்பாடம் செய்யாமல் விட்டவள். பாட்டை அவளே எழுதுவாள், அவளே மெட்டுப் போடுவாள், அவளே பாடுவாள், அடுத்தவர் எழுதியதை நீட்டினால் அதில் இரண்டு வார்த்தையாவது மாற்றாமல் அவளுக்கு வாய் திறக்காது. கோயில் கொடைத் திருவிழா மேடையில் பாடிக்கொண்டிருந்தவளை டிவி போட்டிக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே சீனியம்மாள் என்ற பேர் நீளம் என்று ஸீனியா ஆக்கினார்கள், ஸீனியா மூன்றாவது பரிசு வாங்கினாள், ஒரு சினிமாவுக்கு ஒரே ஒரு பாட்டு எழுதிப் பாடினாள், அந்த வருஷம் அந்தப் பாட்டைப் போடாத மினிபஸ் இல்லை, காதுகுத்து இல்லை, ரைஸ்மில் இல்லை. ஊர் முகப்பில் அவளுக்கு ஆளுயர பிளக்ஸ் வைத்தோம். ஆறு மாதத்தில் அதே பிளக்ஸ் கோழிக்கூட்டுக்குக் கூரையானது, ஏனென்றால் இரண்டாவது படம் பாதியில் நின்றது, மூன்றாவது படத்தில் அவள் பாட்டை வேறொருத்தி குரலில் போட்டார்கள், நாலாவதாக அவளே செலவழித்துப் போட்ட பாட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள், அதில் இருநூறு பேர் எங்கள் தெரு. அதற்குப் பிறகு ஜவுளிக்கடை விளம்பரம் பாடினாள், வெங்காய வண்டிக்கு விலை சொல்லிப் பாடினாள், கடைசியாகப் பேரூராட்சிக் குப்பை வண்டிக்கு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பாடினாள். எங்கள் சுற்று வட்டாரத்தில் அந்த ஒரு வருஷம் எல்லோரும் குப்பையை ஒழுங்காகப் பிரித்துப் போட்டோம். நம்ம பிள்ளை சொல்லும்போது கேட்காமல் இருக்க முடியுமா?

பிறகு குப்பை வண்டிக்கும் வேறு குரல் வந்துவிட்டது.

ஒரு சித்திரை மாதத்து மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, ஒரே ஒரு பையோடு விலக்கில் இறங்கினாள். மினிபஸ் ஒன்றரைக்குத்தான். மதினி கடையைச் சாத்திவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அண்ணாச்சி லாரி டயர் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், வெயில் மட்டும் விழித்திருந்தது. சீனியம்மாள் அந்த முக்கால் மணி நேரமும் நிழற்குடைக்கும் பாலத்துக்குமாக நடந்தாள், நடக்க நடக்க ஒரு பாட்டு வந்தது, வந்த பாட்டை வாய்விட்டு முழுசாக ஒரு தடவை பாடினாள். நிழற்குடைக்குள் பல்லவி, பஞ்சர் கடை வாசலில் முதல் சரணம், உடைமரத்தடியில் இரண்டாம் சரணம், பாலத்தின் மேல் மூன்றாம் சரணம். மினிபஸ் வந்தது. அவள் ஏறினாள். பாட்டு ஏறவில்லை.

மூன்று மணிக்கு மதினி நிழற்குடைக்குள் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏ மாடக்கண்ணு, ரேடியோவ அமத்து. மனுசிக்கு மண்ட வலிக்கி."

"எங்கிட்ட ஏது மதினி ரேடியோ? இருந்த ஒண்ணையும் ஒங்க வீட்டுக்காரருதான் வாங்கிட்டுப் போனாரு, அஞ்சு வருசமாச்சு."

"அப்ப இங்க பாடுறது யாரு?"

அண்ணாச்சி வந்து நின்றார். யாரும் இல்லை. நிழற்குடையின் சிமெண்டுப் பெஞ்சுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில், காற்றில் சீனியம்மாளின் குரல் நின்று பாடிக்கொண்டிருந்தது:

விலக்குல எறங்கி நிக்கேன், வெயிலே என் வெயிலே,
வெறுங்கையாத்தான் வந்திருக்கேன், வெரட்டாதே வெயிலே.

இரண்டு அடி தள்ளினால் கேட்காது. திரும்ப உள்ளே வந்தால் கேட்கும். அண்ணாச்சி மூன்று தடவை உள்ளேயும் வெளியேயும் போய்ப் பார்த்துவிட்டு, "நம்ம சீனிதான். நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய் டயரைக் கழற்ற உட்கார்ந்தார். மதினி குடத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். அடுத்த நாள் முதல் காரியமாகக் கடைப் பெஞ்சை ஒன்றரை அடி நகர்த்தி, பல்லவி கேட்கிற மாதிரி போட்டாள்.

அப்படித்தான் பாட்டு எங்களோடு பழகியது. மின்சாரவாரிய ஆள் வந்து வயர் தேடிப் பார்த்து, இது நம்ம லைன் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து நீளம் அகலம் அளந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை என்றார்கள். கண்டக்டர்கள், "பல்லவி எறங்குறவுக எல்லாம் முன்னாடி வாங்க," என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். உடைமரத்தடியில் நின்ற ஆடுகள் இரண்டாம் சரணத்தின் தாளத்துக்குத்தான் அசைபோட்டன, அதில் ஒரு கிடாய் மட்டும் எப்போதும் அரைத் தாளம் பிந்தியது. முதல் சரணத்தில், போகும்போது பெட்டி நிறையப் பாட்டு வச்சுப் போனேன், வரும்போது பெட்டி லேசு, வலிக்கல வெயிலே என்று வரும், அந்த இடத்தில் நின்று பஞ்சர் ஒட்டக் கொடுத்த லாரி டிரைவர்கள் அண்ணாச்சியோடு கூலிக்குத் தகராறு பண்ணவே இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களை இரண்டாம் சரணத்தில் கொஞ்சநேரம் நிறுத்திவைத்துக் கூட்டிவந்தால் காரியம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மில் வேனுக்கு நிற்கிற பிள்ளைகள் தங்களுக்குள் முறை வைத்து, இன்றைக்கு நீ பெஞ்சில் உட்கார், நாளைக்கு நான் உட்காருகிறேன் என்று பல்லவியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். செல்போனில் பிடிக்கப் பார்த்தவர்களுக்கு லாரிச் சத்தம்தான் பதிவானது, ஆகவே கேட்கவேண்டும் என்றால் வந்துதான் கேட்கவேண்டும்.

என் மகள் இசக்கிக்கு அப்போது பல் முளைக்கிற வயசு. வீட்டில் ஒரு வாய் வாங்க மாட்டாள். பருப்புச் சாதத்தைக் கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு விலக்குக்குப் போனால், பல்லவி ஒரு சுற்று வருவதற்குள் பாதிக் கிண்ணம் காலியாகும். எனக்கு மட்டும் இல்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு நிழற்குடையில் ஏழெட்டுக் கிண்ணம், ஏழெட்டு அம்மா.

மூன்றாம் சரணத்துக்கு மட்டும் கூட்டம் கிடையாது. பாலத்தின் மேல் அது தனியாகப் பாடிக்கொண்டிருக்கும்: இத்தோட போதும் வெயிலே, இனிமே வாய தெறக்கல. சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாக மிதிப்பார்கள்.

இப்படிப் பதினாலு மாதம். சீனியம்மாள் அந்தப் பதினாலு மாதமும் அம்மா வீட்டில்தான் இருந்தாள், சாயங்காலமானால் விலக்குக்கு வந்து ஒரு டீ வாங்கிக்கொண்டு, தன் பாட்டுக்குள் தானே உட்கார்ந்திருப்பாள். பாட்டைக் கேட்க மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்கள் காரில் வந்தார்கள், ஸீனியா திரும்ப வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள், பேசியது ரிச்சர்டு காதுக்குப் போனது. ரிச்சர்டு மதுரையில் பெரிய அரங்கம் பிடித்துக் கச்சேரி நடத்துகிறவர், கூலிங்கிளாஸை நெற்றிக்கு மேலேயே வைத்திருப்பார். பல்லவிக்குள் நின்று கண்ணை மூடி ஐந்து நிமிஷம் கேட்டார்.

"இந்த ஒரு பாட்டு போதும்மா. ஆயிரத்து இருநூறு சீட்டு. நீங்க வந்து பாடுறீங்க, நான் நடத்துறேன்."

"பாடுறேன் சார்," என்றாள் சீனியம்மாள், யோசிக்காமல்.

கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, இசக்கிக்கு ஊட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீயைக் கையிலேயே வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

"கோமு, ஒண்ணு சொன்னா சிரிக்கமாட்டியே?"

"சிரிக்கிற விசயம்னா சிரிப்பேன்."

"எனக்கு அந்தப் பாட்டு வரல."

"எது வரல?"

அவள் வாயைத் திறந்தாள். விலக்குல என்று உதடு அசைந்தது, தொண்டை அசைந்தது, கழுத்து நரம்புகூடப் புடைத்தது, காற்று மட்டும்தான் வந்தது. தலைக்கு மேலே பல்லவி தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"இங்க நிக்கிறதால எங்கிட்ட இல்ல," என்றாள். "ரெண்டாவது நாளே தெரியும். வேற பாட்டெல்லாம் வருது. பழசு, சினிமாப் பாட்டு, வெங்காயப் பாட்டு எல்லாம் வருது. இது வரல. புதுசாவும் ஒண்ணு வரல புள்ள. பதினாலு மாசமா ஒரு வரி எழுதல. எழுதிப் பாடுனா அதுவும் அங்கனயே நின்னுட்டா, என்ன செய்யன்னு பயமா இருக்கு."

"அப்புறம் என்னத்துக்கு அந்தக் கண்ணாடிக்காரருக்குச் சரின்னு சொன்ன?"

"கேட்டாரு. அஞ்சு வருசமா யாரும் கேக்கலல்ல."

அதற்குமேல் நான் சிரிக்கவில்லை. மில்லில் வரவேற்பு மேஜைக்கு ஆள் கேட்டிருந்தார்கள் என்றும், கச்சேரிக்கு அடுத்த திங்கட்கிழமை சேருவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றும், மதுரையில் அசிங்கப்பட்டால் அதோடு பாட்டை மூட்டை கட்டிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவதென்றும் சொன்னாள். சொல்லும்போது குரல் கணீரென்றுதான் இருந்தது, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

டீக்கிளாஸ் வாங்க வந்த வேலுத்தாயி மதினி முழுசையும் கேட்டுவிட்டாள். மதினி கேட்டால் மாடக்கண்ணு அண்ணாச்சி கேட்ட மாதிரி, அண்ணாச்சி கேட்டால் ஊர் கேட்ட மாதிரி. ஐந்தே நிமிஷத்தில் அண்ணாச்சி கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாட்டு எதுல நிக்கி? காத்துல. நான் முப்பது வருசமா என்ன விக்கிறேன்? காத்து. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்க. கம்ப்ரஸர இங்கன தள்ளிட்டு வந்து உறிஞ்சி, லாரி ட்யூப்புல அடச்சி, வண்டில ஏத்துனா மதுர என்ன, மெட்ராஸ் என்ன."

"அது அடையுமா அண்ணாச்சி?"

"மனுசன் கோபத்தையே பலூனுல ஊதி அடைக்கான், பாட்டு அடையாதா?"

ஆனால் ஊர் அவ்வளவு சீக்கிரம் அடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை விலக்கிலேயே கூட்டம் போட்டோம். பாட்டு நம் ஊரில் நிற்பது, ஊருக்குப் பொது, அதை மதுரைக்காரனிடம் அவிழ்த்துவிட்டால் திரும்ப வருமா என்று ஒருவர் கேட்டார். வார்டு மெம்பர், முதல் சரணத்தை மட்டும் கொடுக்கலாம், மற்றது இருக்கட்டும் என்றார். அப்படியானால் என் கடைக்கு மட்டும் ஏன் நஷ்டம் என்று அண்ணாச்சி எகிறினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் கவலைதான், இசக்கி நாளைக்கு எப்படிச் சாப்பிடுவாள் என்று. கிண்ணத்தோடு வந்த அம்மாமார் எல்லோருக்கும் அதே கணக்குதான்.

சீனியம்மாள் எழுந்து, "வேண்டாம், இருக்கட்டும். நான் போயி வரலன்னு சொல்லிருதேன்," என்றாள்.

அப்போது வேலுத்தாயி மதினி பேசினாள். பாட்டால் அதிகம் பிழைத்தவள் அவள்தான், பெஞ்சு மூன்றாகி, வடைச் சட்டி இரண்டாகியிருந்தது.

"அவ பெத்தது. வெயில்ல கெடந்துச்சேன்னு நாம தூக்கி வச்சிக்கிட்டோம். தூக்கி வச்சிருந்தோம்னு அது நம்மது ஆயிருமா? பெத்தவ வந்து நிக்கா, குடுக்கணும்ல. ஒங்க பிள்ளைக சோத்துக்கு வேணும்னா நான் பாடுதேன்."

"மதினி, பிள்ளைக சாப்பிடணும், ஓடிரக் கூடாது," என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்துவிட்டோம், சிரித்த பிறகு இல்லை என்று சொல்ல யாருக்கும் வரவில்லை.

கச்சேரி அன்று காலை ஏழு மணிக்குக் கம்ப்ரஸரைத் தள்ளுவண்டியில் ஏற்றி நிழற்குடைக்குள் நிறுத்தினார்கள். மிஷின் உறும உறுமப் பல்லவி மெலிந்தது, முதலில் மெட்டு ஒல்லியானது, பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து உள்ளே போயின, கடைசியில் வெயிலே என்பதன் வால் மட்டும் கொஞ்சநேரம் வெளியே ஆடிக்கொண்டிருந்தது, அதுவும் போனது. லாரி ட்யூப் கர்ப்பிணி மாதிரி உப்பிக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சி அதன்மேல் சாக்பீஸில் பல்லவி என்று எழுதினார். அடுத்து முதல் சரணம், அடுத்து ஆடுகளை விரட்டிவிட்டு இரண்டாம் சரணம். அதோடு நல்ல ட்யூப் தீர்ந்துவிட்டது. நாலாவது ட்யூப்பில் ஏழு இடத்தில் ஒட்டு. ஒட்டுப் போட்டதில் அடைத்தால் கப்பலூர் தாண்டுவதற்குள் பாதிச் சரணம் கசிந்துவிடும் என்று, அண்ணாச்சி எங்களை மதுரைக்கு ஏற்றிப்போக வந்திருந்த குட்டியானை வண்டியின் ஸ்டெப்னியைக் கழற்றி, இருந்த காற்றைப் புஸ்ஸென்று இறக்கிவிட்டு, பாலத்தின் மேல் நின்ற மூன்றாம் சரணத்தை அதில் அடைத்து, திரும்ப வண்டிக்கடியில் மாட்டிவிட்டார். குட்டியானை டிரைவர் வெள்ளைத்துரை அந்த நேரம் இட்லி சாப்பிடப் போயிருந்தான். அவனிடம் இதை யாரும் சொல்லவில்லை.

விலக்கில் சத்தமே இல்லாமல் போனது. கரண்டுக் கம்பி ரீங்காரம் போடுவது பதினாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டது. ஆடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன.

வண்டியின் பின்னால் மூன்று ட்யூப், சீனியம்மாள், அண்ணாச்சி, மதினி, நான், என் இடுப்பில் இசக்கி. ட்யூப் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தோம், வண்டி குதிக்கிற போதெல்லாம் முதுகுக்குள் பாட்டு லேசாக முனகியது. கள்ளிக்குடிக்குப் பக்கத்தில் பின் சக்கரம் ஒரு ஆணியை வாங்கியது. வெள்ளைத்துரை தலையில் கைவைப்பதற்குள் அண்ணாச்சி கீழே குதித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, ஜாக்கியை முட்டுக் கொடுத்து, நாலு நட்டைத் தட்டி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, நட்டை முறுக்கி, கையைத் தட்டினார்.

"எத்தன நிமிசம்?"

"ஆறு," என்றேன் நான், கடிகாரத்தைப் பார்த்து.

"கார் ரேசுக்காரன்கூடப் பத்து எடுப்பான்," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டினோம். யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. கை தானாகச் செய்கிற வேலையில் புத்தி எங்கே வருகிறது?

மூன்று மணிக்கு அரங்கத்தில் இறக்கிவிட்டு, மேலூரில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர் சாமான் ஏற்றவேண்டும், கச்சேரி முடிகிற நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று வெள்ளைத்துரை போய்விட்டான். ரிச்சர்டு ட்யூப்களைப் பார்த்தார், கூலிங்கிளாஸை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பாட்டு சார்," என்றாள் சீனியம்மாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது, ரிச்சர்டு முகம் கலங்கியது, ஆனால் ஆயிரத்து இருநூறு சீட்டும் விற்றிருந்தது.

ஆறரைக்குத் திரை விலகியது. சீனியம்மாள் முதலில் பழைய பாட்டுகள் பாடினாள், ஜனங்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள், பின்வரிசையில் சிலர், "விலக்குப் பாட்டு! விலக்குப் பாட்டு!" என்று கத்தினார்கள். அண்ணாச்சி முதல் ட்யூப்பை உருட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். அவள் மைக்கில் சொன்னாள், "இத நான் இப்பப் பாடல. எங்க ஊரு வெயில்ல பாடிட்டேன். அதுதான் வந்திருக்கு." ட்யூப்பைப் பிள்ளையை மடியில் கிடத்துகிற மாதிரி மடியில் கிடத்தி, வால்வு பின்னைத் திருகினாள்.

புஸ்ஸென்று காற்று வந்தது, காற்றோடு பல்லவி வந்தது, பல்லவியோடு எங்கள் விலக்கே வந்தது. லாரி ஹாரன், ஆட்டுக் கத்தல், சங்கரன்கோவில் பஸ்ஸின் பிரேக், வேலுத்தாயி மதினி, "ஏ யாருய்யா அது, கிளாஸ வச்சிட்டுப் போ!" என்பது, நான் இசக்கியிடம், "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்," என்பது எல்லாம் ஆயிரத்து இருநூறு பேர் தலைக்கு மேலே போனது. அரங்கம் ஏசிதான், ஆனாலும் ஆட்கள் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா எங்கிருந்தோ ஒரு டிபன் டப்பாவை எடுத்துத் தன் பிள்ளைக்கு ஊட்ட ஆரம்பித்தாள். மேடை ஓரத்தில் மதினி என் தோளைக் கிள்ளி, "எங்குரல் நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

முதல் சரணம் போனது. இரண்டாம் சரணம் போனது, முடிகிற இடத்தில் அரைத் தாளம் பிந்திய கிடாயின் அசைபோடும் சத்தத்துக்கு அரங்கமே சிரித்தது. அவள் கையை நீட்டினாள், அடுத்த ட்யூப்புக்கு.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். ட்யூப் இல்லை. என்னைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார், அதில் இன்னும் கள்ளிக்குடிக் கிரீஸ் இருந்தது. அவர் முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"அடப் பாவி," என்றாள் மதினி. "மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேனே மதினி."

"எங்க இப்ப?"

"மேலூர் ரோட்டுல."

ரிச்சர்டு என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே திரைக் கயிற்றைப் பிடித்தார். கீழே ஆயிரத்து இருநூறு பேரும் காத்திருந்தார்கள். முடியாத பாட்டு என்பது அரைகுறையாக வெட்டிய தலைமுடி மாதிரி, யாரையும் எழுந்து போகவும் விடாது. அண்ணாச்சி வேறு வழியில்லாமல் மேடைக்குப் போய் அவள் காதில் சொன்னார், காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு மைக்கில் சொன்னார்.

"தாயி, கோவிச்சிக்கிராத. கடைசிச் சரணம் வண்டிச் சக்கரத்துல இருக்கு. நாந்தான் மாட்டுனேன். இப்ப மேலூர் ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கு."

சீனியம்மாள் அவரைப் பார்த்தாள். முதலில் அவள் உதடு துடித்தது, அழப்போகிறாள் என்று நினைத்தேன், மில் நாற்காலி என் கண்முன்னால் வந்து நின்றது. ஆனால் வந்தது சிரிப்பு. பதினாலு மாதமாகச் சிரிக்காத சிரிப்பு, மூக்கு வழியாகப் பிய்த்துக்கொண்டு வந்தது, மைக்கில் போய் அரங்கத்தின் நாலு மூலையிலும் முட்டித் திரும்பியது. இனிமே வாய தெறக்கல என்று அவள் சொன்ன சரணம், ஒரு கல்யாண வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் முதுகில் சுமந்துகொண்டு வாயைத் திறக்காமல் உருண்டுகொண்டிருக்கிறது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது, வாங்கிய மூச்சை அவள் விடவில்லை, அதை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பாடினாள்.

மேலூரு ரோட்டு மேல உருண்டு போற பாட்டே,
மேடு பள்ளம் பாத்துப் போடி, மெல்லப் போடி பாட்டே,
நான் பெத்ததுல நாலாவது நடந்து போச்சு தானா,
நாளைக்கொண்ணு பெத்துக்கிறேன், நல்லாயிரு போடி.

அது ட்யூப்பிலிருந்து வரவில்லை. அவள் தொண்டையிலிருந்து வந்தது, அங்கேயே எழுதி அங்கேயே பாடியது, ஓரங்களில் இன்னும் சிரிப்பு ஒட்டியிருந்தது. கடைசி வரி முடிந்ததும் அரங்கத்தின் கூரை எழுந்து உட்கார்ந்தது மாதிரி கைதட்டல். ரிச்சர்டு கயிற்றை விட்டுவிட்டு, கூலிங்கிளாஸை எங்கே வைத்தோம் என்று தலையைத் தடவினார். இசக்கி என் இடுப்பில் குதித்தாள்.

"இன்னொரு தடவ!" என்று முன் வரிசை டிபன் டப்பாக்காரி கத்தினாள். "அந்தக் கடைசி நாலு வரி! இன்னொரு தடவ!"

"இன்னொரு தடவ!" என்று அரங்கமே பிடித்துக்கொண்டது.

சீனியம்மாள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் மதினிக்கும் அண்ணாச்சிக்கும் காரணம் தெரியும். ஒரு தடவை பாடியது பாடிய இடத்தில் நின்றுவிடும் என்றால், இப்போது அவள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். அவள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள், விளக்குகளுக்குக் கீழே, ஒரு ஆள் உயரத்தில், அங்கே ஏதாவது நிற்கிறதா என்று. நானும் பார்த்தேன், மதினியும் பார்த்தாள். மதினி என் கையை நசுக்கினாள். அண்ணாச்சி தொழில் புத்தியில், காதைக் காற்றுப் பக்கம் சாய்த்துக் கசிவு பார்க்கிற மாதிரி கேட்டுப் பார்த்து, இல்லை என்று எங்களுக்குக் கையசைத்தார்.

அவள் மைக்கைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள்.

வந்தது. மேலூரு ரோட்டு மேல என்று முழுசாக, முதல் தடவையைவிடக் கொஞ்சம் உரக்க வந்தது. மேடு பள்ளம் வந்தது, நாலாவது நடந்து போனதும் வந்தது. கடைசி வரிக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தி, எட்டாம் வகுப்பில் அடுத்தவர் எழுதியதைப் பார்க்கும்போது பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்தாள், இந்தத் தடவை தான் எழுதியதையே. பிறகு நாளைக்கொண்ணு என்பதை எடுத்துப் போட்டுவிட்டு, இன்னைக்கொண்ணு என்று மாற்றிப் பாடினாள்.